குச்சி இல்லாத பாத்தி

நுனியிலிருந்துதான் கருகியிருக்கிறது. அர்த்தநாரி மூன்றாவது தடவையாக அதே பாக்குக் கன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதே இலையைத் திருப்பிப் பார்த்தார். வெயில் பட்டால் இப்படிக் கருகாது. வெயில் இலையின் நடுவில், அதுவும் மேற்கே பார்த்த இலையில், வெளுத்த தழும்பாக விழும்; அப்புறம் அந்த இடம் மட்டும் காகிதம் போலக் காய்ந்து போகும். இது அப்படி இல்லை. நுனியில் ஆரம்பித்து இரண்டு ஓரமும் பழுப்பாக இறங்கியிருக்கிறது, மேற்கு கிழக்கு பார்க்காமல், எல்லா இலையிலும். முப்பது வருஷமாக நாற்று விடுகிற ஆளுக்கு இது தெரியாதா? தெரியும். நேற்றும் தெரிந்திருக்க வேண்டும். நேற்று இதே கன்றைக் கையில் தூக்கிக்கொண்டுதான் வெயில், வெயில் என்று கத்தினார். மேற்கே நாலு பாத்தி, பாத்திக்கு முந்நூறு பை, ஆகமொத்தம் ஆயிரத்து இருநூறு கன்று. ஒன்றரை வயசு. ஆடி பிறந்ததும் கன்று வாங்குகிற தும்பல் ஊர்க்காரர் வண்டியோடு வந்து நிற்பார். வெயில் என்றால் செய்ய வேண்டியதை நேற்றே செய்தாயிற்று: தென்னை ஓலை வைத்து மேற்கை மறைத்தாயிற்று, சூடேறிய பையில் தண்ணீர் நின்றால் வேர் அவியும் என்று தண்ணீரை நிறுத்தச் சொல்லியாயிற்று. ஆனால் இது உரம் அதிகமாகி வந்த சூடு என்றால் செய்ய வேண்டியது நேர்மாறு. இன்றைக்கே, ஒவ்வொரு பையிலும் மூன்று தடவை தண்ணீர் நிறைய விட்டு, உப்பைக் கீழே கழுவி இறக்க வேண்டும். நாளைக்கு என்றால் வேர் போய்விடும். மூணு ஃபேஸ் கரண்டு இரண்டு மணிக்கு வரும். இப்போது மணி ஒன்று. ஒரு மணி நேரம் இருக்கிறது, யோசிக்க. யோசிக்க என்ன இருக்கிறது? மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டியதுதானே. திறந்துவிட்டால் பெண்டாட்டி பழனியாயி கேட்பாள், தண்ணி வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க என்று. அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

பழுப்பு இறங்கிய இலையை விட்டுவிட்டுப் பாத்தியின் உட்பக்கம் போனார். மேற்குப் பாதிக்கு நிழல் கோவைக்கொடிப் பந்தல். கம்பி கட்டிக் கொடியை மேலே ஏற்றிவிட்டால் பங்குனி வெயிலில்கூடக் கீழே கண்ணை உறுத்தாத பச்சை வெளிச்சம் இருக்கும். கடையில் வாங்கிக் கட்டுகிற நிழல்வலைக்கு அந்தக் குளிர்ச்சி வராது என்பது அவர் கட்சி. வேலைக்கு வருகிற மாதம்மாள் தன் ஆட்டுக்குக் கொடியை அறுத்துக்கொண்டு போனது ஓரத்தில் ஒரு கை அகலம், ஒரே ஒரு கை அகலம். அங்கே ஓட்டை இருக்கிறது, வெயில் விழுகிறது, சரி. ஆனால் இதோ, உள்ளே, பந்தல் அடைத்துக்கொண்டு கிடக்கிற இடத்தில், தரையில் ஒரு காசு அகலம்கூட வெயில் விழாத இடத்தில் நிற்கிற கன்றும் நுனி கருகித்தான் நிற்கிறது. இதை நேற்று ஏன் பார்க்கவில்லை? பார்த்தேன். பார்க்கவில்லை. பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டேன். அவருக்கே எது என்று பிடிபடவில்லை. கண்ணுக்கு முன்னால் ஓட்டை இருந்தது, ஓட்டை போட்டவள் இருந்தாள், அது போதுமாக இருந்தது. ஒன்பது வருஷமாக வேலைக்கு வருகிறவள். பையில் மண் நிரப்புவதிலிருந்து களை பிடுங்குவது வரை ஒரு சொல் இரண்டாவது தடவை சொல்ல வைக்க மாட்டாள். கொஞ்ச நாளாகத்தான் சரியில்லை, அவர் உரம் வைக்கிற பாத்திக்கெல்லாம் வந்து சும்மா நிற்பாள், ஏன் நிற்கிறாய் என்றால் சும்மாதாங்கண்ணா என்பாள், வேலைக்கு டிமிக்கி கொடுக்கப் பழகிவிட்டாள் என்று அவரும் மனசில் முடிந்து வைத்திருந்தார். நேற்று அந்த முடிச்செல்லாம் சேர்ந்து அவிழ்ந்துவிட்டது. "உன் ஆட்டுக்கு எம் பந்தல்தான் கெடச்சுதா?" என்று ஆரம்பித்தது. அவள் பதறவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் ஏறியது. "அண்ணா, வெயிலாத் தெரியலீங்கண்ணா. வெசாழக்கெழம நீங்க உரம் வெச்சது இந்தப் பக்கந்தானுங்க. நாந்தான் தண்ணி உட்டுக் குச்சியப் புடுங்குனேன். அன்னிக்குக் கெழக்கால…" அதற்குமேல் அவர் அவளைப் பேச விடவில்லை. எனக்கே பாடம் எடுக்கிறியா என்றார். அப்புறம் அந்த வார்த்தையைச் சொன்னார். "உங்க ஆளுங்களுக்கே இதே புத்திதான்." மாதம்மாள் கையில் இருந்த களைக்கொத்தை மோட்டார் ரூம் சுவரில் சாய்த்து வைத்தாள். சாய்ந்தது சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனாள். பக்கத்திலேயே நின்ற பழனியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அந்த வார்த்தையை அவர் அப்பா வாயில் கேட்டு வளர்ந்தவர். தன் வாயில் வராது என்று அறுபத்தோரு வயசு வரை நம்பிக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைக் கொஞ்ச நேரம் தள்ளி வை, முதலில் குச்சியைப் பார்.

குச்சி அவர் வைத்த சட்டம்தான். ஒரு பாத்திக்கு உரம் வைத்து முடித்ததும் தலைமாட்டில் ஒரு எருக்கங்குச்சி குத்துவார். குச்சி நின்றால் உரம் விழுந்திருக்கிறது, தண்ணீர் விடு என்று அர்த்தம். தண்ணீர் விட்டவர் அதைப் பிடுங்கிவிட வேண்டும்; ஒன்பது வருஷமாக அது மாதம்மாள். முப்பது வருஷம் இந்தச் சட்டம் பிசகியதில்லை. இப்போது, கருகிய இலைக்கு நடுவில் நின்று யோசிக்கும்போதுதான் அதில் இருக்கிற கோளாறு தெரிகிறது. குச்சி இல்லாத பாத்தி என்றால் என்ன? உரம் வைக்காத பாத்தி. உரம் வைத்துத் தண்ணீரும் விட்டு முடிந்த பாத்தியும் குச்சி இல்லாத பாத்திதான். இரண்டும் பார்க்க ஒன்று. அப்படியானால் இத்தனை வருஷம் எப்படிப் பிசகாமல் இருந்தது? குச்சி சொல்லாததை அவர் ஞாபகம் சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சட்டம் ஒன்றும் இல்லை, தலைதான் இருந்தது. சனிக்கிழமை வந்து பார்த்தார், எட்டுப் பாத்தியிலும் குச்சி இல்லை. வியாழக்கிழமை நாலு பாத்தி முடித்தது தெரியும். கிணற்றுப் பக்கத்திலிருந்து, கிழக்கிலிருந்து, ஆரம்பிப்பதுதான் வழக்கம். எனவே மிச்சம் மேற்கே நாலு. யூரியாவும் பொட்டாஷும் எட்டுப் பாத்திக்கு அளந்து கலந்து பேசினில் வைத்திருந்தது. இருமல் மருந்து பாட்டில் மூடியில் அரை மூடி, பைக்கு அரை மூடி, தண்டில் படாமல் சுற்றிவர. நாலாவது பாத்தி முடியும்போது பேசினும் காலி. கணக்காக இருக்கிறது என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. அன்றைக்கு மாதம்மாள் வரவில்லை, கரண்டும் இல்லை, குடத்தில் மொண்டு அவரே கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார். கொஞ்சம் கொஞ்சம்! அரை மூடி ஏற்கெனவே விழுந்த பையில் இன்னொரு அரை மூடி, அதன்மேல் ஒரு வாய்த் தண்ணீர். கணக்காகத்தான் இருக்கிறது, பேசின் காலிதான், இடம்தான் வேறு. ஆனால் அப்படியென்றால் வியாழக்கிழமை மேற்கிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். ஏன் மேற்கிலிருந்து ஆரம்பிப்பேன்? ஒரு நாளும் அப்படி ஆரம்பித்ததில்லையே. மாதம்மாள் பொய் சொல்லியிருப்பாள். தழை அறுத்ததை மறைக்க. இந்த இடத்துக்கு வந்ததும் மனசு ஒரு நிமிஷம் ஆறுதலாக உட்காரும், அப்புறம் நுனி கருகிய இலை தெரியும், எழுந்துவிடும்.

வியாழக்கிழமை. வியாழக்கிழமை என்ன செய்தேன்? புதன்கிழமை தெரிகிறது, பசுவுக்கு ஊசி போட டாக்டர் வந்தார், டாக்டரின் பைக்குக்கு அடியில் நாய் படுத்துக்கொண்டு எழ மாட்டேன் என்றது. வெள்ளிக்கிழமை அமாவாசை, வாழை இலை, வடை. நடுவில் இருக்கிற நாளைக் காணோம். காலையில் எழுந்தது, காபி குடித்தது என்று ஆரம்பிக்கலாம், ஆனால் அது எல்லா நாளும் செய்வது, வியாழக்கிழமைக்கு என்று சொந்தமாக ஒன்றும் இல்லை. யாருக்குத்தான் இருக்கும்? போன வாரம் வியாழக்கிழமை என்ன செய்தாய் என்று ரோட்டில் போகிற யாரையாவது நிறுத்திக் கேள், விழிப்பான். கேட்டால் விழிப்பான்தான். ஆனால் அண்ணனும் முதலில் வெறுமனே விழிக்கத்தான் செய்தார். அண்ணன் நினைப்பு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் இலை, குச்சி என்று சுற்றிக்கொண்டிருந்தது, வந்துவிட்டது. வையாபுரி அண்ணனுக்கு அப்போது அறுபத்து மூன்று. கெடா வெட்டு அன்றைக்குப் பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வெற்றிலை போட்டார்; கால் மணி நேரம் கழித்து அடுத்த பந்தியில் வந்து உட்கார்ந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அர்த்தநாரிதான் பலமாகச் சிரித்தார், அண்ணனுக்குக் கெடாக் கறி என்றால் அப்படி என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. "எனக்கு இன்னும் எல போடலையே" என்றார், வெற்றிலைச் சிவப்பு வாயோடு. இரண்டு வருஷத்தில் தன் வீட்டுக்கு வழி கேட்டார். கடைசியில் தம்பியைப் பார்த்துக் கும்பிட்டு, நீங்க எந்தூருங்க என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு தடவை சாப்பாடு. அண்ணன் தனக்கே வாங்கிக்கொண்டார், நான் ஆயிரத்து இருநூறு கன்றுக்குப் போட்டேன். சேச்சே, என்ன யோசனை இது. ஞாபகம் சரியாக இருக்கிறதா என்று பேர்களைச் சொல்லிப் பார்த்தார். மாதம்மாள் முழுப் பேர் மாதம்மாள் ராமசாமி. அண்ணன் மகன்கள் குமரேசன், சக்திவேல், இன்னொருவன், கோயமுத்தூரில் இருப்பவன், அவன் பேர், அவன் பேர். கண்ணை மூடிக்கொண்டார். தறியில் ஓடும் நாடா மாதிரி நாக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. தங்கதுரை. தங்கதுரை! வந்தது. பார், வருகிறதே. ஆனால் பேர் வந்த சந்தோஷத்தில் கண் கலங்குகிற அளவுக்கு ஆகிவிட்டதே, அது நல்லதா?

கிழக்குப் பாதிக்கு நடந்தார். சும்மா நிற்பதைவிட நடப்பது மேல். கிழக்கே கன்றுகளில் ஒரு கருக்கல் இல்லை, நிமிர்ந்து நிற்கின்றன. ஆனால் நிறம் சோகை பிடித்த நிறம். உரம் கண்ட கன்றின் கரும்பச்சை இல்லை. ஆறு நாளாகியும் இப்படி வெளுத்து நிற்கிறதென்றால் இதற்கு ஒரு அரை மூடிகூட விழவில்லை என்று அர்த்தம். இது இரண்டாவது சாட்சி. இதற்கு என்ன சொல்வாய்? மேலே பார்த்தார். கிழக்கே கொடி இல்லை, பச்சை நிழல்வலை. பழைய வலை காற்றில் கிழிந்து புதிசு கட்டியது. புதிசு கட்டியது தெரியும். தூணுக்குத் தூண் நீல நைலான் கயிறு முடிச்சு. என்றைக்குக் கட்டினார்கள் என்றுதான் தெரியவில்லை, போன வாரமோ அதற்கு முந்திய வாரமோ. கயிற்றின் நுனியை யாரோ பீடி நெருப்பால் உருக்கி விட்டிருந்தார்கள், பிரியாமல் இருக்க. அந்த உருகிய நுனியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பீடி. பீடி வாசம். தலைக்கு மேலே பீடி வாசம் அடித்தது, யாரோ மேலே நின்றான், நிமிர்ந்தால் ஒரு குதிகால். முகம் இல்லை, ஆள் இல்லை, ஏணியின் படியில் வெடித்துப் போன ஒரு குதிகால், வெடிப்புக்குள் மண். அர்த்தநாரி இடுப்பில் பேசினோடு ஏணிக்குக் கீழே நிற்கிறார். "அந்தப் பக்கம் போய்டுங்க, மேல வுழுந்து தொலையப் போறேன்" என்கிறது குதிகால். இவர் சிரிக்கிறார். பேசினைத் தூக்கிக்கொண்டு மேற்கே நடக்கிறார். எதிரே மாதம்மாள், கையில் எருக்கங்குச்சிக் கட்டு. வந்துவிட்டது. முழு வியாழக்கிழமையும் அந்த வெடித்த குதிகாலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டது. அர்த்தநாரி தூணைப் பிடித்துக்கொண்டார். இருந்திருக்கிறது, உள்ளேதான் இருந்திருக்கிறது, எங்கேயும் போகவில்லை. அண்ணனுக்கு இப்படித் திரும்பி வந்ததா? வந்ததில்லை. வந்திருந்தால் அண்ணன் யாரிடம் சொல்லியிருப்பார்? தெரியாது. நிம்மதி என்று நினைத்தது நிம்மதி இல்லை. ஞாபகம் வந்தால் மாதம்மாள் சொன்னது சத்தியம். ஞாபகம் வராவிட்டால் அண்ணன் கதை. இரண்டில் எது வந்தாலும் ஒன்று போகிறது. அவள் சொன்ன அன்னிக்குக் கெழக்கால என்பதற்கு மிச்சம் இதுதான், ஏணி போட்டிருந்தாங்கண்ணா என்பதுதான். ஒரே ஒரு வாக்கியம் அவளை முடிக்க விட்டிருந்தால் குதிகால் நேற்றே வந்திருக்கும்.

ஒரு திருட்டு யோசனையும் வந்தது, மறைப்பானேன். பழனியாயியிடம் வெயிலுக்குத்தான் தண்ணி என்று சொல்லிவிட்டால் என்ன? நேத்து வேண்டாம்னேன், இன்னிக்கு வேணுங்கிறேன், நாற்று விடுகிறவன் நானா நீயா என்று ஒரு அதட்டல். கன்று பிழைக்கும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்து மாதம்மாளை யாராவது சமாதானம் பேசிக் கூட்டி வருவார்கள், அவளும் வருவாள், வேறு எங்கே போவாள். வேறு எங்கே போவாள் என்று நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்பாவும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பார், வாய்விட்டுச் சொல்லாதபோதும். மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூன்று விளக்கும் எரிந்தன. இரண்டு ஆகிவிட்டது. பச்சைப் பொத்தானை அமுக்கினார். ஓஸ் பைப் துள்ளி, இருமி, தண்ணீரைக் கக்கியது. முதல் பாத்தியின் முதல் பையில் பிடித்தார். பை நிறைந்து வழிந்து அடி ஓட்டை வழியாகக் கலங்கலாக இறங்கியது. இன்னும், இன்னும். சத்தம் கேட்டுப் பழனியாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஏங்க, தண்ணி வேண்டாம்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் பைப்பை அவள் கையில் கொடுத்தார். "பைக்கு மூணு தடவ. வழிஞ்சு போவட்டும்" என்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மாதம்மாள் பேரைத் தேடி அமுக்கினார். நாலு தடவை மணி அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"மாது, வெசாழக்கெழம குச்சிய எந்தப் பக்கம் புடுங்குன?"

அந்தப் பக்கம் ஆடு கத்தியது. "கெழக்காலதாங்கண்ணா" என்றாள். "நாந்தான் நேத்து மாத்திச் சொல்லிட்டேன். நீங்க சொன்னதே செரி. வெயில்தானுங்க."

குதிகாலைக் கண்ட பிறகுகூட இப்படி ஒரு பயம் வரவில்லை. பார்த்த ஒரே ஆள், அவளும் இப்போது பார்க்கவில்லை என்கிறாள். அவர்தான் அவளை அப்படிச் சொல்ல வைத்தார்.

"இல்ல மாது. மேக்காலதான். அங்க ஏணி போட்டுருந்துச்சு. சனிக்கெழம நான் மறுபடி வந்து அதே பக்கம் வெச்சுட்டேன்." பழனியாயி இரண்டு அடி தூரத்தில் நிற்கிறாள் என்பது தெரிந்தேதான் சொன்னார். "மறந்துட்டேன் மாது."

பைப்பிலிருந்து தண்ணீர் ஒரே பையில் விழுந்துகொண்டிருந்தது. பழனியாயி அதை அடுத்த பைக்கு நகர்த்தவில்லை.

"சனிக்கெழம நான் லீவு போட்டிருக்கக் கூடாதுங்கண்ணா" என்றாள் மாதம்மாள், குரல் தாழ்ந்து. "அக்கா அன்னிக்கும் போன் பண்ணிச் சொன்னாங்க. அண்ணனத் தனியா உரம் வெக்க உடாத, பக்கத்துலயே நில்லுன்னு. எம் பேத்திக்குக் காச்சல். வர முடியல." அப்புறம் அவசரமாக, "நான் சொன்னேன்னு அக்காகிட்டச் சொல்லிறாதீங்க."

அவர் பழனியாயியைப் பார்த்தார். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலருந்து?" என்று அவளிடமே கேட்டார்.

"தையிலருந்து" என்றாள் பழனியாயி. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை, ரேஷன் கடையில் கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள். "கோயிலுக்குப் போயிட்டு என்னைய அங்கயே உட்டுட்டு வந்தீங்களே, அதுலருந்து."

கோயில். எந்தக் கோயில்? தேடினார். ஏணி இல்லை, குதிகால் இல்லை, பீடி வாசம் இல்லை. ஒன்றுமே இல்லை. போன் இன்னும் காதில்தான் இருந்தது, அந்தப் பக்கம் மாதம்மாள் மூச்சு விடுவது கேட்டது. தையிலிருந்து இந்த இரண்டு பெண்களும் அவருக்குத் தெரியாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், கன்றுக்கு நிழல் பார்ப்பதைவிடக் கவனமாக. மாதம்மாள் பக்கத்தில் வந்து நின்றதற்கு அவர் டிமிக்கி என்று பேர் வைத்திருந்தார்.

"கெழக்கால நாலு பாத்திக்கும் இன்னும் உரம் வெக்கல மாது" என்றார். "நாளைக்கு நீ வந்து பக்கத்துல நில்லு. நான் வெக்கறேன்." அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருந்தது. "நேத்து நான் பேசுன பேச்சு…"

"அது நெனப்பிருக்குதுங்களா?"

அவள் கேட்டது ஏளனமாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மறந்துபோயிற்று என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கு அவர் சொன்னால் யாரும் நம்புவார்கள்.

"இருக்குது மாது" என்றார். "நல்லா நெனப்பிருக்குது."

"இருந்தாச் செரிங்கண்ணா" என்றாள் மாதம்மாள். "காலைல வர்றேன்."